எண்ணெய் வைக்கிற இடம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நான் செய்த வேலையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரைக்காரர் விசாரிப்பார். மூளை ஆராய்ச்சி என்றால், "அப்ப டொக்டரோ?" என்பார். இல்லை என்றால், "நேர்ஸோ?" என்பார். அதுவும் இல்லை என்றதும் அவருக்கு என்னில் இருந்த மரியாதை இறங்கிவிடும். பந்தி எப்போது தொடங்கும் என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. என்னுடைய அறையில் இருந்தவை ஒரு ரெலிபோனும், வெவ்வேறு ஊர்களின் நேரத்தைக் காட்டியபடி சுவரில் தொங்கிய சில மணிக்கூடுகளும்தான்.

விஷயம் இதுதான். மனிதரின் ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிற நோயைப் பற்றி அறிவதற்காக, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை சில பல்கலைக்கழகங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்த நோயாளிகளில் சிலர், தாங்கள் இறந்தபின் மூளையை எடுத்து ஆராயலாம் என்று சம்மதம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்துவிடவேண்டும். எந்த ஊரில் எடுத்தாலும் ஒரே விதமாக வெட்டவேண்டும். ஒரு பாதி குளிரில் உறையும். மற்றப் பாதி மருந்துத் தண்ணீரில் ஊறும். பிறகு ஒவ்வொரு துண்டும் அதற்காகக் காத்திருக்கும் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரவேண்டும், வன்கூவருக்கு, மொன்றியலுக்கு, ஹலிஃபக்ஸுக்கு. இத்தனை பேரையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது என்னுடைய வேலை. ஒருங்கிணைப்பாளர் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்று முதலில் நினைத்திருந்தேன். போகப்போகத்தான் விளங்கியது, என் அக்காமாரின் கலியாணங்களில் ஓடித் திரிந்ததுதான் என் உண்மையான தகுதி என்று. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் யாருக்கு முதலில் சொன்னது, யாருக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னது, யாருக்கு வெறும் ரெலிபோனில் சொன்னது என்பதை வைத்தே பரம்பரைப் பகை மூண்டுவிடும். பேராசிரியர்களும் அப்படித்தான். மொன்றியலுக்கு ஒன்றைச் சொல்லி, வன்கூவர் அதைப் பிறகு வேறு வழியால் கேள்விப்பட்டால் நான் தொலைந்தேன். மூளையை எவ்வளவு தடிப்பில் சீவுவது என்பதில் இவர்கள் ஒரு வருடத்துக்கு மேலாக இழுபட்டார்கள். வாழைக்காய்ப் பொரியலுக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு சண்டை நடந்ததில்லை. அதனால் எதையும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கூட்டுத் தொலைபேசி அழைப்பில் எல்லாரையும் இணைத்துவிட்டு, "எல்லாரும் இருக்கிறீர்களா?" என்று கேட்பேன். வன்கூவரில் அப்போதுதான் காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஹலிஃபக்ஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். ஒரு நாடு முழுவதும் என் மேசையில் மூச்சு விடுவது கேட்கும்.

ரொறன்ரோவில் எங்களோடு இருந்தவர் ஒரு நோயியல் பேராசிரியர். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆள் பெரிய உருவம், மொட்டைத் தலை, பேச்சு மட்டும் மெதுவாக வரும். நான் சேர்ந்து சில மாதங்கள் கழித்து ஒரு நாள் என் கதவில் வந்து நின்றார். "நீங்கள் நாள் முழுவதும் ரெலிபோனில் பேசுவது எதைப் பற்றி என்று ஒருமுறை பார்க்கவேண்டாமா?" என்று கேட்டார்.

கீழே கூட்டிப்போய், கையுறை போட்ட என் இரண்டு கைகளிலும் ஒரு மூளையை வைத்தார். சட்டியில் உறைந்த தயிரைக் கையில் கவிழ்த்ததுபோல் இருந்தது. விரல் அடையாளம் விழுந்துவிடுமோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருடையது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு பெண், வயதானவர் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெண் யாரோடு கோபமாக இருந்தார், எந்தக் கடையில் மீன் மலிவு என்று அறிந்து வைத்திருந்தார், சின்ன வயதில் யாரை நினைத்து அழுதார், எல்லாம் இதற்குள்ளேதான் இருந்தது. இப்போது என் உள்ளங்கையில் குளிர்ந்துபோய் இருக்கிறது. விலங்கியல் வகுப்பில் ஆட்டு மூளையை வெட்டிப் பார்த்தவள்தான் நான். அது எனக்கு ஒன்றையும் சொல்லித் தந்திருக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது லோரன்ஸ் அவெனியூ பஸ்ஸில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மாரிக்காலம். எல்லாரும் கம்பளித் தொப்பிக்குள்ளே அதை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மையிலேயே அப்படி இருந்தது. என் காலை மிதித்த ஒரு பள்ளிக்கூடப் பெட்டைக்குக்கூட அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடம்தான், நகரின் கிழக்குப் பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் என் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் சம்மதம் கொடுத்திருப்பதாக நினைவு நோய்க் கிளினிக்கிலிருந்து அறிவித்தார்கள். நோயாளி ஐம்பதுகளில் இருந்தார். வாகனத் தரிப்பிடத்துச் சின்னக் கண்ணாடி அறைக்குள் இருந்து காசு வாங்குகிற வேலை பார்த்தவர். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, தினமும் இறங்குகிற பஸ் தரிப்பில் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். தொடக்கம் அதுதான். புத்தி தெளிவாக இருந்த காலத்திலேயே டொக்டரிடம் தானாகக் கேட்டு, கையெழுத்தும் வைத்திருக்கிறார். மனைவிக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, தமிழில் கேட்டால் நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை போனேன்.

கதவைத் திறந்த பெண் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். குளிர் அங்கிகள் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

"வாங்கோ தங்கச்சி. கையெல்லாம் எண்ணெய், குறை நினைக்காதேங்கோ" என்றார்.

உள்ளே கணவர் ஒரு கதிரையில் இருந்தார். மெலிந்த கழுத்து, அடர்த்தியான நரைமுடி. கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. வாய் எதையோ முணுமுணுத்தது. அக்கா அவருக்குப் பின்னால் போய் நின்று உள்ளங்கையை உச்சியில் வைத்தார். உடனே அந்தக் கைகள் நின்றன. கண்ணை மூடி, கழுத்தை முன்னால் வளைத்து, தலையைக் கொடுத்தார்.

"ஒவ்வொரு நாளும் வைக்கிறனீங்களோ?"

"ஓம். இல்லாட்டி அந்தரப்படுவார். என்ரை பேர் தெரியாது, நான் ஆரெண்டும் தெரியாது. ஆனா கையைத் தெரியும்."

அக்கா எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே கதைத்தார். விருப்பம் கணவருடையதுதான். "எனக்கு என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை, திறந்து பார்க்கட்டும், பிள்ளையளுக்கு வந்தால் அப்பவாவது ஒரு மருந்து இருக்கவேணும்" என்று சொன்னாராம். அக்கா ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் கணவரின் தமையன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் பெரிய வீட்டில் இருக்கிறார். இவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும், முதல் மாரிக்கு அங்கி வாங்கித் தந்ததும் அவர்தான். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"அத்தான் சொல்லுறார், 'என்ரை தம்பியைக் குறையோட எரிக்க விடமாட்டன்' எண்டு. அவர் கெட்டவர் இல்லைத் தங்கச்சி. தம்பியெண்டால் உயிர். ஆனா செத்தவீட்டில ஏதாவது ஒண்டு வெளியில தெரிஞ்சுதோ, நான் சாகுமட்டும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கவேணும். பிள்ளையளும் கேட்கவேணும்."

எனக்குப் பதில் மனப்பாடம். எங்கள் கையேட்டில் அச்சடித்திருந்தது. "முகத்தில ஒண்டும் தெரியாதக்கா. பெட்டியுக்கை தலையணையில படுத்திருக்கேக்கை ஆருக்கும் தெரியாது" என்றேன்.

அக்காவின் விரல்கள் கணவரின் ஒரு காதுக்கு மேலிருந்து உச்சிக்கு ஏறி, மற்றக் காதுக்கு இறங்கின. நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி போகிற வழியும் அதுதான். எல்லா ஊரிலும் ஒரே விதமாக, காதிலிருந்து உச்சி வழியாகக் காதுக்கு. பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, தலையைக் குனிந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியாது. கையேடு அவர்களை நினைத்து எழுதியது.

எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை, தொடுகிறவர்கள். கிரியையின்போது, கடைசி முழுக்காக, எண்ணெயும் அரப்பும் தொட்டு இறந்தவரின் உச்சியில் வைப்பார்கள். பிள்ளைகள், சகோதரங்கள், மச்சான்மார், மாமிமார் என்று உறவு முழுவதும் ஒவ்வொருவராக வந்து தலையில் கை வைப்பார்கள். நாட்டின் பெரிய மூளைசாலிகள் எல்லாரும் கூடி எழுதிய விதிகளில், இறந்த தலையை ஒருவர் தொடுவார் என்ற நினைப்பே இல்லை.

"அக்கா," என்றேன், "எண்ணெய் வைப்பினமெல்லோ."

அவர் கை நின்றது. "அதைத்தான் தங்கச்சி நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். கேட்கவும் கூச்சமாக் கிடந்தது."

"நான் கேட்டுப் பார்க்கிறன்."

"கேட்டால் மாத்துவினமோ?"

"தெரியாதக்கா" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. மூளைத் துண்டின் தடிப்புக்கே ஒரு வருடத்துக்கு மேலாக அடிபட்டவர்களை எனக்குத்தானே தெரியும்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடத்தில் வைப்பார்கள்?" என்பது. நான் என் தலையில் காட்டினேன். "உங்கள் தலைமுடி மறைக்கிறது, இதில் காட்டுங்கள்" என்று கதிரையில் இருந்து தன் மொட்டைத் தலையைக் குனிந்தார்.

எங்கள் ஊரில் பேராசிரியர் வந்தால் எழுந்து நிற்போம். தலையில் கை வைப்பது என்பது கனவிலும் நடக்காது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, உள்ளங்கையை அவர் உச்சியில் வைத்தேன். சூடாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு கணம்தான்."

"அழுத்துவார்களா?"

"அழுகிறவர்கள் அழுத்துவார்கள்."

பிறகு ஒரு விரலால் தன் காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்துக்குக் கிட்டே தாழ்வாக, பதிவாகக் கோடு இழுத்து, மற்றக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். இப்படிப் போகலாம், தோலை உயர்த்துவதுதான் கஷ்டம் என்றார். வெட்டுகிற எலும்பு மூடியும் கை அழுத்தினால் வழுக்கக்கூடாது, அதற்கு ஒரு சின்னப் படி வைத்து வெட்டவேண்டும் என்றார். எல்லாம் செய்யலாம், ஆனால் நேரம் பிடிக்கும். மூளையை உறைய வைப்பது பிந்தும். ஒரு மூளையை ஒருவிதமாகவும் மற்றதை வேறுவிதமாகவும் கையாண்டால் ஒப்பிட முடியாது என்பதற்காகத்தானே இத்தனை விதிகளும். "மற்றவர்கள் சம்மதிக்கவேண்டும். அது உங்கள் பாடு" என்று சிரித்தார்.

அந்தக் கூட்டு அழைப்பை நான் மறக்கமாட்டேன். எல்லாரும் இருக்கிறீர்களா என்று கேட்டு, எண்ணெய், அரப்பு, கை, உச்சி எல்லாவற்றையும் என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

"எவ்வளவு பிந்தும்?" என்று மொன்றியலிலிருந்து கேள்வி வந்தது.

"அரை மணித்தியாலம். கொஞ்சம் கூடலாம்" என்றார் எங்கள் பேராசிரியர்.

"ஒரு குடும்பத்துக்காக நாடு முழுவதும் மாற்றவேண்டுமா?" என்று இன்னொரு குரல்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தை வேலைக்கே உலை வைத்திருக்கும். நல்லவேளை, நான் வாயைத் திறக்கமுன் ஹலிஃபக்ஸில் இருந்த பெண் பேராசிரியர் பேசத் தொடங்கினார். கூட்டங்களில் அதிகம் பேசாதவர் அவர். "என் அம்மா இறந்தபோது அவருடைய தலையை நான்தான் வாரிவிட்டேன். வேறு யாரையும் விடவில்லை. இது ஒரு குடும்பத்தின் விஷயம் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு வன்கூவர். "எங்கள் பக்கத்தில் சீக்கியக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் ஆட்களைக் குளிப்பாட்டி, தலைமுடியையும் கழுவித்தான் அனுப்புவார்கள். நாங்கள் எப்போதாவது கேட்டோமா?"

பிறகு மொன்றியல்காரர், தடிப்புச் சண்டையில் கடைசிவரை இறங்கிவராத அதே மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அரை மணி நேரத்தை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரேமாதிரிப் பிந்தினால் ஒப்பிடுவதில் பிரச்சினை இல்லை" என்றார். இனிமேல் எல்லா ஊரிலும் வெட்டு பின்னால் பதிவாகப் போகும், குடும்பத்தார் தலையைத் தொடுவார்களா என்று முதலிலேயே கேட்கப்படும் என்று முடிவாயிற்று. என் தேத்தண்ணி இன்னும் ஆறியிருக்கவில்லை. இவ்வளவு பெரிய நாடு, வெக்ஸ்போர்ட்டில் ஒரு கதிரையில் குனிந்திருக்கும் ஒரு தலைக்காக அசைந்து கொடுத்தது. நான் ரெலிபோனை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான். ஆனால் பயம்போலவும் ஒன்று அதில் கலந்திருந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆர் தைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அத்தானோட நான் இனி இதைப் பற்றிக் கதைக்கமாட்டன்" என்றார்.

அடுத்த மாரியில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார். குரல் உடையவில்லை. "நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ. நான் அவருக்குச் சொன்னது நடக்கவேணும்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மார்க்கம் நகரிலிருந்து வரும் பாதைகளில் கார்கள் புதைந்து நின்றன. தமையன் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாமல் ரெலிபோனில் கதறிக்கொண்டிருந்தார். எங்கள் பேராசிரியரின் காரும் பனிக்குள். அவர் சுரங்க ரயில்வரை நடந்து வந்தார். சவச்சாலை வண்டி, பனி வழிக்கிற லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. உலர்பனிக்கட்டி கொண்டுவருபவரிடம் கெஞ்சினேன். விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஒருவர், பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். சொன்னேன். "முதல் பறக்கிற விமானத்தில் நானே கையில் கொண்டுபோய் ஏற்றுகிறேன்" என்றார். வன்கூவரில் இன்னும் விடியவில்லை. அங்கே ஒருவர் எழும்பி வந்து ஆய்வுகூடத்து விளக்கைப் போட்டுக் காத்திருந்தார். ஒருவரையொருவர் முகம் தெரியாத இத்தனை பேர், பெயர் தெரியாத ஒரு மனிதருக்காக.

எனக்கு மட்டும் அவரைத் தெரியும். அதனால்தான் கீழே போனேன். மேசையில் அவருடைய மூளை இருந்தது. முன்பு நான் கையில் வாங்கியதைவிடச் சிறுத்திருந்தது. மடிப்புகளுக்கு இடையிலிருந்த வாய்க்கால்கள் அகன்று கிடந்தன. மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர், வீட்டுக்குப் போகிற வழி எல்லாம் அந்த இடைவெளிகளால்தான் போயிருக்கவேண்டும். ஆனால் ஒன்று போகவில்லை. உச்சியில் ஒரு கை பட்டால், இது என் ஆள் என்று கண்ணை மூடிக் கழுத்தை வளைத்துக் கொடுக்கிற அந்த ஒன்று கடைசிவரை இருந்தது.

"அது எதில் இருந்தது?" என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவும்" என்றார்.

வழக்கமாக உதவியாளர்தான் தைப்பார். அன்றைக்குப் பேராசிரியர் தானே ஊசியை எடுத்தார். அந்தப் பெரிய கைகள் கிழிந்த வலையைப் பொத்துகிற பொறுமையோடு, நெருக்கமாக, மெல்ல மெல்லத் தைத்தன. முடித்துவிட்டு உள்ளங்கையை உச்சியில் வைத்து, நான் காட்டிய அதே இடத்தில், அழுத்திப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இவ்வளவு காலம் இதைச் செய்கிறேன். இதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததேயில்லை. வரலாமா?" என்றார்.

கிரியை ஸ்காபரோவில் ஒரு சவச்சாலையில் நடந்தது. பனி விட்டிருந்தது. மண்டபம் நிறையச் சனம், கதிரைகள் நிறையக் குளிர் அங்கிகள். பேராசிரியரும் நானும் பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சுவரோடு நின்றோம். தமையனைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். வேட்டிக்கு மேல் ஸ்வெற்றர், வேட்டிக்குக் கீழே தடித்த காலுறை. ஐயருக்குத் தண்ணீர் கொடுப்பதிலிருந்து சனத்தை இருத்துவதுவரை எல்லாம் அவர்தான். நின்றால் உடைந்துவிடுவேன் என்று பயந்தவர்போல் ஓடிக்கொண்டிருந்தார்.

எண்ணெயும் அரப்பும் வந்தன. பிள்ளைகள் வைத்தார்கள். பிறகு தமையன் வந்தார். கையை எண்ணெயில் தோய்த்துத் தம்பியின் உச்சியில் வைத்தார். எடுக்கவில்லை. அழுதார், அழுத்தினார். மூடி அசையவில்லை. கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தமையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"நல்ல காலம் பிள்ளை, நீ என்ரை சொல்லைக் கேட்டாய். என்ரை தம்பியை முழுசா அனுப்பிறம்."

அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம். விடுங்கோ அக்கா, பேசாமல் விடுங்கோ என்று நான் மனதுக்குள் கத்தினேன். அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"குடுத்தனான், அத்தான்."

தமையனுக்கு விளங்கவில்லை.

"அவர் கேட்டவர், நான் குடுத்தனான். அவர் செய்திட்டுப்போன நல்ல காரியத்தை நான் ஒளிக்கமாட்டன்." எண்ணெய் வடிந்த தமையனின் கையை அக்கா பிடித்தார். பிடரிப் பக்கமாகத் தலைக்குக் கீழே கொண்டுபோனார். "இஞ்சை. தடவிப் பாருங்கோ. எவ்வளவு நெருக்கமாத் தைச்சிருக்கினம்."

மண்டபத்தில் ஐயரின் மணிச் சத்தமும் நின்றுவிட்டது. தமையனின் விரல்கள் அந்தத் தையலைக் கண்டுபிடித்ததை அவர் முகத்தில் பார்த்தேன். இப்போது வெடிப்பார் என்று நினைத்தேன். "ஏதாவது பிழையா?" என்று பேராசிரியர் என் காதுக்குள் கேட்டார். தமையனின் கை ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மற்றக் காதுவரை மெல்லப் போய்த் திரும்பி வந்தது. அவர் கேட்டபோது, குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் இருந்தது.

"நொந்திருக்குமோ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேராசிரியருக்கு அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன்.

இறந்தவர்களுக்கு நோகாது என்று விளங்கப்படுத்த அந்த மனிதருக்கு எவ்வளவோ படிப்பு இருந்தது. அவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, தமையனின் கண்ணைப் பார்த்து, தன் மெதுவான பேச்சில், "இல்லை. மிகவும் பக்குவமாகத்தான் செய்தேன்" என்றார்.

"இல்லையாம்" என்றேன் நான். "பக்குவமாத்தான் செய்தவராம்."

தமையன் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.